மணற்பரப்பு முதல் கைப்பேசித் திரை வரை – பணியிடப் பயிற்சி வடிவமைப்பின் கதை



செனாய் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்கு 1974இல் திறக்கப்பட்ட விமான நிலையமே நினைவுக்கு வரும். இங்கே வாழும் எங்களுக்கோ, விடியற்காலையில் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளே முதலில் நினைவுக்கு வரும். எங்கள் மாணவர்களின் பெற்றோருள் பலர் அப்பேருந்துகளில்தாம் வேலைக்குச் செல்கின்றனர்.

அவர்களுள் ஒருவர் ஒருநாள் மாலை, மகளை அழைத்துச் செல்லப் பள்ளிக்கு வந்தவர், தயங்கியபடி என்னிடம் கைப்பேசியை நீட்டினார்.

"டீச்சர், வேலையிடத்துல இந்தப் பாதுகாப்புப் பயிற்சிய இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் மலாயிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட திரைகள். ஒவ்வொன்றின் அடியிலும் 'அடுத்து' என்றொரு பொத்தான். இறுதியில் பத்துக் கேள்விகள். அவர் முன்பே இருமுறை முயன்று தோற்றிருந்தார். மூன்றாம் முறை, முன்பு தவறிய விடைகளை மாற்றி மாற்றி அழுத்தினார். நூற்றுக்கு நூறு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு சான்றிதழும் வந்தது. மனிதரின் முகத்தில் நிம்மதி.

ஏதோ ஓர் உந்துதலில், "ஐயா, பொறியில் பொருள் சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"கைய விட்டு எடுத்துடுவேன் டீச்சர். நின்னா கணக்குக் குறைஞ்சிடுமே" என்றார், சற்றும் யோசியாமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறியை நிறுத்த வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், பொறுப்பாளரை அழைக்க வேண்டும், அதுவரை கையை உள்ளே விடவே கூடாது என்பதுதான் அந்தப் பயிற்சியின் உயிர்நாடி. நூறு மதிப்பெண் பெற்றவருக்கு அதுதான் தெரியவில்லை.

அந்தப் பயிற்சியை உருவாக்கியவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நானும் அதே பிழையைச் செய்தவள். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், இணையவழிக் கற்பித்தல் குறித்துச் சக ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று இரவுகள் விழித்திருந்து 64 படவில்லைகள் செய்தேன். எல்லாரும் முடித்தார்கள், எல்லாரும் பாராட்டினார்கள். மறுவாரம், பயிற்சியில் நான் விளக்கியிருந்த அதே வேலையை எப்படிச் செய்வது என்று ஒவ்வொருவராக என்னைத் தொலைப்பேசியில் அழைத்துக் கேட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தக் கற்றேன். பணியில் இருக்கும் பெரியவர்களுக்கு, அதுவும் கண்ணெதிரே இல்லாதவர்களுக்கு, பயிற்சியை வடிவமைப்பது எப்படி என்று கற்றதில்லை. அதன் அடிப்படைகளைத் தேடப்போனபோது, அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதையும், அவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் நம் தமிழ் மண்ணிலேயே இருப்பதையும் கண்டு வியந்தேன். அதனையே இங்குப் பகிர விழைகிறேன்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

ஆண்டு 1789. சென்னை எழும்பூரில், ஆங்கிலேயப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப்பள்ளி தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார். அவருக்கு ஒரு பெரும் சிக்கல். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கற்பிப்பது உதவி ஆசிரியர்களால் இயலவில்லை.

ஒருநாள் அவர் குதிரையில் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் 'மலபாரிகள்' என்றே அழைத்ததால், அவருடைய குறிப்புகளில் அது 'மலபார் பள்ளி' என்று இடம்பெற்றது. நாம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்போம்.

அந்த மணல் செய்த வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளை எழுதுகிறது, ஆசிரியர் உடனே பார்க்கிறார், தவறு என்றால் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதுகிறது. தவறுக்குச் செலவில்லை, தண்டமில்லை. கற்பவர் கை ஓயாமல் இயங்குகிறது. திண்ணைப் பள்ளிகளில் முதிர்ந்த மாணவனே சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

பெல் தம் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாததை அச்சிறுவன் செய்து காட்டினான். படிப்படியாகப் பள்ளி முழுதும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை பரவியது. இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது உலகெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1833இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

இக்கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான மாணவர்களைச் சட்டாம்பிள்ளைகளின் துணைகொண்டு மேய்க்கும் மலிவான ஏற்பாடாக இம்முறையைப் பலர் கையாண்டனர். எத்தனை பேர் கற்கிறார்கள் என்ற எண்ணிக்கை முன்னுக்கு வந்தது. என்ன கற்றார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. மனப்பாடம் மிகுந்தது. 1846இல் முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் அங்கே அறிமுகமாக, பழைய முறை மெல்ல மறைந்தது.

பெரும் எண்ணிக்கையினருக்கு விரைவாகவும் மலிவாகவும் பயிற்சி தர வேண்டும் என்ற தேவை எழும்போதெல்லாம் இதே கதை திரும்பி வருவதைத்தான் அடுத்து வரும் நூற்றாண்டிலும் காண்கிறோம்.

போர் கற்பித்த பாடம்

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கப்பல்கள் உடனடியாகத் தேவைப்பட்டன. கப்பல் கட்டத் தெரிந்தவர்களோ போதவில்லை. புதியவர்களைப் பழக்கும் பணியில் ஈடுபட்ட சார்லஸ் ஆலன் என்பவர், தொழில் கற்பிப்பதற்கு நான்கு படிகளை வகுத்தார். முதலில் கற்பவரை ஆயத்தப்படுத்து. பிறகு செய்து காட்டு. பிறகு அவரையே செய்யவிடு. இறுதியில் சோதித்துப் பார். 1919இல் இவற்றை விளக்கி நூலும் எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்நான்கு படிகளே மீண்டும் உயிர்பெற்றன. 1940இல் தொடங்கிய 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்னும் அமெரிக்க அரசுத் திட்டம், 1945இல் முடிவடைவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ் வழங்கியது. வேலையைக் கற்பிக்கும் முறை பற்றிய அதன் பாடம் வெறும் பத்து மணி நேரம்தான். அப்பாடத்தின் உயிர், கற்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலையில் இருந்தது. ஒரு தாளை எடுத்து, தொழிலின் முக்கியப் படிகளை இடப்பக்கம் எழுத வேண்டும். ஒவ்வொரு படியிலும் வேலையைக் கெடுக்கக்கூடியது எது, ஆளுக்குக் காயம் விளைவிக்கக்கூடியது எது, வேலையை எளிதாக்கும் நுணுக்கம் எது என்று வலப்பக்கம் எழுத வேண்டும். அவ்வளவுதான். போருக்குப் பின் இத்திட்டம் ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டு ஆலைகளில் ஆழமாக வேரூன்றியது.

இதனைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1877இல் இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னர், மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை, அங்கே தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த ரிட்லி செம்மைப்படுத்தினார். அந்த நுட்பத்தை நாடெங்கும் அன்றாடம் கைகளால் செய்து காட்டியவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க வேண்டும்.

என் தாயார் இதனை எப்படிக் கற்றார்? சித்தி முறையிலான ஒருவர் முதலில் செய்து காட்டினாராம். பிறகு, வெட்டி வீழ்த்தப்படவிருந்த கிழட்டு மரங்களில் உளியைக் கொடுத்துச் சீவச் சொன்னாராம். "அந்த மரத்துல எத்தனை காயம் போட்டாலும் யாரும் ஏசமாட்டாங்க. அதுலதான் கை படிஞ்சிச்சு" என்பார் அம்மா. கை படிந்த பிறகே நல்ல மரங்கள் கிடைத்தன. அதன்பின்னும் கங்காணி நிரையில் நடந்துவந்து வெட்டைத் தடவிப் பார்ப்பாராம்.

ஆயத்தம், செய்து காட்டல், செய்யவிடல், சோதித்தல் ஆகிய நான்கு படிகளும் அங்கே இருந்தன. அந்தக் கிழட்டு மரம்தான் திண்ணைப் பள்ளியின் மணல்! தவறு செய்து பழக ஓர் இடம். தோட்ட வாழ்வு இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் துயரங்களை நம் வீடுகள் அறியும். ஆயினும், அந்தச் சித்தி ஒரு நல்ல பயிற்றுநர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு தந்தை கண்ட வகுப்பறை

1953ஆம் ஆண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், தம் மகள் படித்த பள்ளிக்குப் பெற்றோராகச் சென்று கணித வகுப்பில் அமர்ந்தார். இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. தான் எழுதிய விடை சரியா தவறா என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. விரைவாகக் கற்பவரும் மெதுவாகக் கற்பவரும் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லப்பட்டனர். அடுத்த ஆண்டே, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் விடை கேட்டு, உடனே சரிபார்க்கும் கற்பித்தல் பொறியைப் பற்றி எழுதினார். இன்றைய இணையப் பயிற்சிகளின் கேள்விப் பெட்டிகளுக்கு இதுவும் ஒரு மூதாதை.

1962இல் ராபர்ட் மேகர் கற்றல் நோக்கங்களைப் பற்றி எழுதிய சிறு நூல் வந்தது. 'அறிந்துகொள்வர்', 'புரிந்துகொள்வர்' போன்ற சொற்கள் போதா. கற்பவர் எதைச் செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் செம்மையாகச் செய்வார் என்று எழுத வேண்டும் என்றார் அவர். ஆசிரிய நண்பர்களே, "இப்பாட இறுதிக்குள் மாணவர்கள்..." என்று நாம் நாள்தோறும் பாடத்திட்டத்தில் எழுதுகிறோமே, அந்த வரியின் பின்னால் இச்சிந்தனை நிற்கிறது. பல்லாண்டுகளாகச் சடங்கு போல் எழுதிவந்த வரியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

1975இல் அமெரிக்கத் தரைப்படைக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் பயிற்சி உருவாக்கத்தின் படிநிலைகளை விரிவான கையேடாகத் தொகுத்தது. ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடைமுறைப்படுத்துதல், மதிப்பிடுதல் என்று இன்று இத்துறையில் நுழையும் எவரும் முதலில் கற்கும் ஐந்து படிகளின் வேர் அதில் உள்ளது. 'ஆராய்தல்' முதலில் நிற்பதைக் கவனியுங்கள். நான் என் 64 படவில்லைகளை 'உருவாக்குதல்' என்ற மூன்றாம் படியிலிருந்து தொடங்கியிருந்தேன்.

'முடித்தார்' என்ற சொல்

கணினியில் கற்பிக்கும் முயற்சி இணையத்துக்கும் முந்தியது. 1960இலேயே இலினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணினிக் கற்பித்தல் முறை பிறந்துவிட்டது. நம் நாட்டில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971 முதலே பணியில் இருப்போருக்குத் தொலைவிலிருந்து கல்வி அளித்து வந்துள்ளது. 1992இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, சட்டத்துக்குட்பட்ட முதலாளிகள் தொழிலாளர் பயிற்சிக்கென நிதி செலுத்தும் ஏற்பாடு வந்தது. 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2002இல் வெளிவந்த 'மூடில்' என்னும் கட்டற்ற மென்பொருள், பணமில்லாத கல்விக்கூடங்களும் இணையவகுப்பு நடத்த வழிவகுத்தது. 2020இல் நம் கல்வியமைச்சு 'டெலிமா' தளத்தை அறிமுகப்படுத்தியது.

இவை யாவும் பெரும் வாய்ப்புகளே. ஆயினும் 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கும் பாடங்கள் எந்தக் கற்றல் தளத்திலும் இயங்குவதற்காக, அமெரிக்கத் தற்காப்புத் துறையின் முயற்சியால் 'ஸ்கார்ம்' என்னும் பொதுத்தரம் அவ்வாண்டில் வெளியானது. பாடத்துக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் முக்கியச் செய்திகளுள் சில இவை: முடித்தாரா இல்லையா, தேர்ந்தாரா இல்லையா, எத்தனை மதிப்பெண். கணினிக்கு எளிதாக எண்ணத் தெரிந்தவை இவைதாம். நாளடைவில், எண்ண எளிதானதையே நாமும் கற்றல் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம்.

இது நேரக்கூடும் என்பதை உணர்த்தும் அளவுகோல் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1959-60ஆம் ஆண்டுகளில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைக் கூறினார். கற்றவருக்குப் பிடித்ததா? கற்றாரா? பணியிடத்தில் அவர் நடத்தை மாறியதா? அதனால் பயன் விளைந்ததா? என் சக ஆசிரியர்களின் பாராட்டு முதல் நிலையைத் தாண்டவில்லை. அந்தத் தந்தையின் நூறு மதிப்பெண், உண்மையில், இரண்டாம் நிலையைக்கூட எட்டவில்லை.

என்ன செய்தோம்?

அன்று மாலை, அவர் மகளின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடுவே ஒரு கோடு போட்டேன். "நீங்கள் பொறியில் செய்வதை வரிசையாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொல்லச் சொல்ல இடப்பக்கம் எழுதினேன். ஏழு படிகள் வந்தன. "இதில் கை போகக்கூடிய இடம் எது?" என்று கேட்டேன். மூன்றாம் படியிலும் ஐந்தாம் படியிலும் அவரே விரலை வைத்தார். ஐந்தாம் படியில் வைத்த விரலைச் சற்று நேரம் எடுக்கவில்லை.

"இதைக் காட்டி, பொறியை நிறுத்துவதை உங்களை வைத்தே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அந்தப் பொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் கண்ணெதிரே அவர் செய்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாசலில் பார்த்தபோது, பொறுப்பாளர் அவரைப் பொறிக்கு அருகே அழைத்துச் சென்று மூன்று முறை நிறுத்திப் பழகவைத்ததாகச் சொன்னார். "இப்பக் கை தன்னால சுவிட்சுக்குப் போகுது, டீச்சர்" என்றார்.

என் 64 படவில்லைகளையும் நான் கலைத்துவிட்டேன். மறுமுறை தயாரித்தபோது, சக ஆசிரியர்களுள் மூவரிடம் அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று முதலில் கேட்டேன். மூன்று இடங்கள் தெரிந்தன. மூன்று செயல்கள் மட்டுமே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடக் காணொலி. அதில் செய்கையைக் காட்டிக் குரலால் விளக்கினேன், திரையில் உள்ள எழுத்தை அப்படியே வாசிக்கவில்லை. காணொலி முடிந்ததும் அவர்களே அச்செயலைச் செய்து எனக்கு அனுப்ப வேண்டும். தவறினால் குறிப்புடன் திருப்பி அனுப்புவேன், மறுபடி செய்யலாம். மதிப்பெண் இல்லை. அது முன்னதைவிட அழகு குறைந்த பயிற்சிதான். பாராட்டுகளும் குறைவுதான். ஆனால், மறுவாரம் தொலைப்பேசி அழைப்புகள் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களே, இணையவழிப் பயிற்சி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு நாளை உங்களிடமும் வரலாம். திரையைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கற்பவர் எதைச் செய்ய வேண்டும், எங்கே தவறுவார், தவறிப் பழக அவருக்கு எங்கே இடம் தரப்போகிறோம், செய்ததை யார் பார்ப்பார் என்று எழுதுங்கள். அதன்பின் எந்த மென்பொருளும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை இணையப் பயிற்சியை "முடிச்சிட்டேன்" என்று சொல்லும்போது மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். "எங்கே, எனக்கு ஒருமுறை செய்து காட்டு" என்று கேளுங்கள். உங்கள் வேலையிடத்தில் உங்களுக்குத் தரப்படும் பயிற்சியிலும் அதையே கேளுங்கள். பச்சைச் சான்றிதழ் கைப்பேசியில் இருக்கும்; பொறியின் முன் நிற்பது உங்கள் கை.